கயிற்றுக்கடைத் தெருவில் கடல்புல்

கயிற்றுக்கடைத் தெருவில் கடல்புல் முளைத்தது ஒரு புதன்கிழமை, காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில். தெரு பெருக்குகிறவர் ஏழரைக்கு வேலையை முடித்துவிட்டுப் போனபோது தார் வெறும் தாராகத்தான் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் எட்டு மணிக்குக் கடைக்கதவைத் தூக்கியபோது முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. ரிப்பன் அகலம், கரும்பச்சை, நுனியில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. தார்ச்சாலை, நடைபாதைக் கல், வீட்டுக்குள் தரை ஓடு, மாடிப்படியின் முதல் மூன்று படிகள் என்று எதையும் சட்டை செய்யாமல் முளைத்திருந்தது. கல் உடையவில்லை, ஓடு பெயரவில்லை. பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு வெள்ளை வேரும் ஒரு பிடி ஈர மணலும் கையோடு வந்தன. குனிந்து பார்ப்பதற்குள் அதே இடத்தில் இன்னொரு புல் நின்றது. அன்று இலை அசையக் காற்றில்லை. ஆனாலும் தெரு முழுக்கப் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, கொஞ்சம் யோசித்தது, மறுபக்கம் சாய்ந்தது.

பத்தேகாலுக்கு ஏற்றம் வந்தது, கடலில் வருகிற அதே ஏற்றம். அது கண்ணுக்குத் தெரியவில்லை. முதலில் கணுக்காலில் சில்லென்றது, பிறகு முழங்காலில், மாலை நாலரைக்குள் முதல் மாடி ஜன்னல் விளிம்பு வரை ஏறிவிட்டது. நனைக்கவும் இல்லை, மூச்சை அடைக்கவும் இல்லை. ஆளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது, அவ்வளவுதான். பிறகு வந்த வழியே இறங்கியது. மறுநாள் ஐம்பது நிமிடம் பிந்தி வந்தது, அதற்கு மறுநாள் இன்னும் ஐம்பது நிமிடம். ஒரு வாரத்துக்குள் தெருவுக்கு அது பழகிவிட்டது. காய்கறிக்காரரின் தொங்கு தராசு ஏற்ற நேரத்தில் ஒரு கிலோ தக்காளியை முக்கால் கிலோ என்று காட்டியதால், சுற்றுவட்டாரத்துக் குடும்பத்தலைவிகள் எல்லாரும் அந்த நேரம் பார்த்தே பையோடு வந்தார்கள். மூன்றாம் நாள் அவர் விழித்துக்கொண்டு ஏற்றத்தில் கடையைச் சாத்தத் தொடங்கினார். முடிவெட்டுகிறவர் வெட்டிய முடி கீழே விழாமல் தலைக்கு மேலேயே சுற்றியதால் வலைக்கரண்டி ஒன்று வாங்கினார். சலவைக்காரரின் மனைவி கோபத்தில் வீசிய தட்டு கணவரைப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் டீயைக் குடித்து முடித்து எழுந்து போய்விட்டார். போன பிறகு தட்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தது. சைக்கிள் கம்பிகளில் கடல்குதிரைகள் வாலைச் சுற்றிக்கொண்டு நின்றன. தபால்பெட்டிக்குள் கணவாய் முட்டையிட்டிருந்ததால் கடிதங்களை இரண்டு வாரம் எடுக்க முடியவில்லை. தெருவில் முளைத்தது பூங்காத் துறையைச் சேர்ந்தது என்று மீன்துறையும், கடலில் முளைப்பது மீன்துறையைச் சேர்ந்தது என்று பூங்காத் துறையும் கையை விரித்தன. ஆக, புல் நின்றது.

அந்தத் தெருவின் நடு வீட்டில், கரையோர அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாளும் அவருடைய தம்பியும் இருந்தார்கள். அம்மாளை ஊரே சதுரக்கா என்று அழைத்தது. விரிகுடாவின் ஆழமில்லாத பக்கத்தில் இருந்த கடல்புல் மேய்ச்சலை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி வரைபடமாக்குவதுதான் அவர் வேலை. பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முகமூடியோடு தண்ணீருக்குள் இறங்குவார்; சட்டத்தை அடியில் வைத்து அதற்குள் நிற்கும் புல்லை ஒவ்வொன்றாக எண்ணுவார்; மேலே வந்து மூச்சு வாங்கி, படகில் இருக்கும் பலகையில் எழுதுவார். பத்தொன்பது ஆண்டு இதே வேலை. ஒரு புல்லைக்கூடக் குத்துமதிப்பாக எழுதியதில்லை. அவ்வளவு கறாரான மனுஷியோடு கூட வாழ்வது சுலபமில்லை என்று அவர் தம்பி சொல்வார். சோற்றைப் போடும்போதுகூட அக்கா பருக்கையை எண்ணுவதாக அவருக்குச் சந்தேகம்.

தம்பிக்கு நாற்பத்து நான்கு வயது. அவரைவிட இளையவர்களும் அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள், அக்காவின் புகழ் அப்படி. படகுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது. கால்களில் உணர்ச்சி இருந்தது, எறும்பு கடித்தால் தெரியும். உடம்பைத் தாங்குகிற பலம்தான் இல்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்கம்பக்கத்து மின்விசிறி, ரேடியோ, மாவரைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். புல் முளைத்த ஆறாம் நாள், ஏற்றம் ஜன்னல் கட்டையைத் தாண்டிய நேரத்தில், திருகாணி ஒன்று அவர் கையிலிருந்து நழுவி மிதந்து வாசல் பக்கம் போனது. அதைப் பிடிக்க எழுந்தார். இரண்டு அடி வைத்துத் திருகாணியைப் பிடித்த பிறகுதான் தான் நின்றுகொண்டிருப்பது அவருக்கே உறைத்தது. சதுரக்கா அலுவலகத்திலிருந்து வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தம்பி அடுப்படியில், பதினோரு ஆண்டுகளாக எட்டாத மேல் அலமாரியைத் திறந்து, அங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சதுரக்கா கைப்பையை இறக்கி வைக்கக்கூட மறந்து வாசலிலேயே நின்றார். அவருக்குச் சந்தோஷத்தில் கோபம் வந்தது, “பாத்து, பாத்து” என்று அதட்டினார்.

தம்பி அதற்குப் பிறகு வீடு தங்கவில்லை. நாளுக்கு இரண்டு ஏற்றம், ஒவ்வொன்றிலும் நெஞ்சளவுக்கு மேல் நிற்கும் நேரம் நாலைந்து மணி. அந்த நேரமெல்லாம் கயிற்றுக்கடைத் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் நடந்தார். புல் முடிகிற இடத்தில் ஏற்றமும் முடிந்துவிடும், அங்கே திரும்பிவிடுவார். தெருமுனையில் ஒரு தையல்காரி இருந்தார். வாயும் கத்தரிக்கோலும் ஒரே கூர்மை. முதல்நாள் கடைவாசலில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன தம்பி, பேண்ட்டு தெருவைப் பெருக்குது?”

“நீங்க தைச்சதுதாங்க.”

“உக்காந்திருக்கிற ஆளுக்குத் தைச்சேன். இப்படி வந்து நிப்பீங்கன்னு யாரு சொன்னா? உள்ள வாங்க, மடிச்சுத் தரேன்.”

உள்ளே போனவர் ஏற்றம் இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் வெளியே வந்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லாரும் பார்த்தார்கள்.

இதற்கிடையில் விரிகுடா மொட்டையாகிக்கொண்டு வந்தது. புல் தெருவுக்கு வந்த அன்றே கடலடியில் புல் இல்லாமல் போயிருந்தது. படகுக்காரர்கள் ஒரு வாரத்தில் அதைக் கண்டுகொண்டார்கள். புல் பிடித்து வைத்திருந்த மணல் இப்போது பிடிப்பு இல்லாமல் இஷ்டத்துக்கு அலைந்தது. தண்ணீர் பால்விட்ட டீயின் நிறத்துக்கு வந்தது. நண்டு வலைகளில் நண்டு இல்லை, இறால் வலைகளில் இறால் இல்லை. விரிகுடாவின் வாயில் நீண்டு கிடந்த மணல்திட்டில் பதினோரு வீடுகள் இருந்தன. புல்லில் பட்டுச் சோர்ந்து வந்துகொண்டிருந்த அலைகள் இப்போது தெம்பாக வந்து திட்டைக் கடித்தன. இரண்டாம் மாதம் கடைசி வீட்டின் குளியலறை போனது. மூன்றாம் மாதம் அந்த வீடே போனது. அதில் இருந்தவர் ஒரு வலை பின்னுகிறவர், மனைவி, மூன்று பெண்கள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் பதினெட்டு அடிதான் இருந்தது. புல் ஏன் இடம் மாறியது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். துறைமுக விளக்கு ரொம்ப வெளிச்சம் என்றார்கள், நீராவிக் கப்பலின் சத்தம் என்றார்கள், கடலுக்கு வயதாகிவிட்டது என்றும் ஒருவர் சொன்னார்.

சதுரக்கா காரணத்தைக் கண்டுபிடித்தது மொட்டைமாடியில், துணி காயப்போடும்போது. புல் வந்ததிலிருந்து அவர் அதைத் தெருவில் நின்றுதான் பார்த்திருந்தார். அன்று இறக்க நேரம். போர்வையை உதறியவர் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கீழே பார்த்தார், உதறிய போர்வை கையிலேயே நின்றுவிட்டது. மூன்று தெருக்களின் மேல் புல் கிடந்த கிடப்பு அவருக்கு ஏற்கெனவே தெரியும். மருந்துக்கடைக்கு முன்னே ஒரு நீளமான வழுக்கைக் கோடு ஓடியது. அது பயணிகள் படகின் விசிறி கீறிய தழும்பு. சலவைக்கடை முன் ஒரு மொட்டை வட்டம். அங்கே நங்கூரம் போடுவார்கள். இதுவரை பரவாயில்லை, கடலில் இருந்தது அப்படியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் புல்லின் ஓரம் படிப்படியாக, சதுரம் சதுரமாக வெட்டியிருந்தது. கடலில் எந்தப் புல்லும் அப்படி வளராது. ஓரத்தைச் சதுரமாக முடிப்பது அவருடைய பேனா. பாதிக்கு மேல் புல் இருந்தால் முழுக் கட்டத்தையும் பச்சையாக்கு, குறைந்தால் வெள்ளையாக விடு. அலுவலக விதி அது. கீழே கிடந்தது கடலின் புல் இல்லை, அவர் வரைந்த படம்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் போய்ப் படத்தைப் பார்த்தார். தவறு முகத்தில் அடித்த மாதிரி தெரிந்தது. புல்லை அவர் தனியாக ஒரு மெல்லிய தாளில் வரைவார். அதை ஊரும் கடலும் அச்சிட்ட அடிப்படத்தின் மேல் பொருத்தி, நான்கு மூலையிலும் ஊசி குத்தி, முத்திரைக்கு அனுப்புவார். பத்தொன்பது ஆண்டும் மூலைக்கு மூலை வைத்தால் சரியாக இருந்தது. இந்த ஆண்டு தலைமை அலுவலகம் புது அடிப்படம் அனுப்பியிருந்தது, அதில் ஓரம் அகலம். மூலையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கூட்டல் குறிகளைப் பார்த்துப் பொருத்தியிருக்க வேண்டும். அவர் குத்திக்கொண்டிருந்தபோது, தம்பி நாற்காலியோடு கவிழ்ந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. கை பழக்கத்தில் மூலையில் குத்திவிட்டு ஓடினார். புல் முழுவதும் ஏழு கட்டம் வடக்கே நகர்ந்து ஊருக்குள் ஏறிவிட்டது. அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு முன் எதிலும் கையெழுத்துப் போடுகிறவர், போட்டார். புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு உதவியாளர் படத்தை அறிவிப்புப் பலகையில் மாட்டினார். அதுவரை படம் சரியாகவே இருந்துவிட்டதால், படம் கடலைப் பார்த்து வரையப்படுகிறதா, கடல் படத்தைப் பார்த்து நடந்துகொள்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.

சரிசெய்வது அரைமணி நேர வேலை. தாளைக் கழற்றி, கூட்டல் குறிக்கு நேராக வைத்து, மறுபடி குத்த வேண்டும். சதுரக்கா ஊசியைக் கையில் எடுத்தார், திரும்ப டப்பாவில் போட்டார். இன்று போகட்டும், நாளைக்கு என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். வீட்டில் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வெயில் துணியை வெளுத்துவிடுகிறது என்று சொல்லித் துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டார். அலுவலகம் போகும் வழியில் மணல்திட்டின் பக்கம் பார்க்காமலிருக்கக் குடையை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தார். வலை பின்னுகிறவரின் மனைவி ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து, “ஏங்க, அளக்கிறவங்க நீங்கதானே, நாங்க இப்ப ஒண்டியிருக்கிற வீட்டுக்கு இன்னும் எத்தனை நாள்னு அளந்து சொல்லிடுங்களேன்” என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சதுரக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. தம்பியோ மாலை ஏற்றத்தில் புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தார். பதினோரு வருஷமாகத் தன் செருப்பு எதுவுமே தேயவில்லை, இந்த ஜோடியையாவது ஓட்டை விழத் தேய்க்கப்போகிறேன் என்று சொல்லிக் காட்டினார். அக்கா நல்லா இருக்குடா என்றார். நாற்பது நாள் இப்படிப் போயிற்று.

நாற்பத்தோராம் நாள் பௌர்ணமி. அன்றைய ஏற்றம் எல்லா ஏற்றத்தையும்விட உயரம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டது. அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தம்பி ஒரு வாளித் துணியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கதவு பூட்டியிருந்தது. பூட்டைத் திறப்பது அவருக்கு ஒரு வேலையா, திருப்புளியோடு ஐந்து நிமிடம். சதுரக்கா வீடு திரும்பி, திறந்த கதவைப் பார்த்து மேலே ஓடியபோது, தம்பி கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் அக்கா கட்டம் கட்டமாகப் பச்சை தீட்டுவதை ஆண்டுதோறும் எதிரில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எத்தனை நாளா தெரியும்?”

“நாப்பது நாளா.”

“அதான் பூட்டா?”

“ஆமா.”

“சொல்லியிருந்தா நான் என்னக்கா சொல்லியிருப்பேன்?”

“மாத்திடுன்னு சொல்லியிருப்பே. அதான் சொல்லல.”

தம்பி வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். பிறகு துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். போடப்போட அவை நேராக மேலே நின்றன. கடைசித் துணியைப் போட்டுவிட்டுச் சொன்னார். “எட்டு நாள் குடு. செருப்பு இன்னும் தேயல.”

சதுரக்கா சரி என்றார். அன்றிலிருந்து தம்பி நடந்த நடை சொல்லி மாளாது. புல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, திரும்ப இந்தக் கோடிக்கு. பாதி தூரம் தையல்காரியும் கூட நடந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் அந்த வாரம் தையல்காரி கடையைப் பாதி நேரம் சாத்தியே வைத்திருந்தார், யாருடைய சட்டையும் சொன்ன நாளில் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, மணல்திட்டில் வலை பின்னுகிறவர் ஒண்டியிருந்த வீட்டின் கடல்பக்கச் சுவர் சரிந்தது. வலை பின்னுகிறவரின் கடைசிப் பெண் அந்தச் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தவள், தண்ணீர் குடிக்க எழுந்திருந்ததால் பிழைத்தாள். செய்தி பத்து மணிக்குத் தெருவுக்கு வந்தது. தம்பி முடிதிருத்தும் கடையில் பாதி முகம் மழித்த நிலையில் அதைக் கேட்டார். எழுந்து, அப்படியே கடைத் தொலைபேசியில் அக்காவின் அலுவலகத்துக்குப் பேசினார்.

“அக்கா, போதும். இப்பவே மாத்து.”

“இன்னும் மூணு நாள் இருக்குடா.”

“அந்தப் பொண்ணுக்கு இல்லியே. நான் வீட்டுக்குப் போய் உக்காந்துக்கிறேன். ஒரு அரைமணி நேரம் மட்டும் குடு, நடுரோட்டுல விழுந்தா அசிங்கம்.”

அவர் வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். குதிகால் பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஓட்டை விழவில்லை. பதினொன்று பத்துக்குச் சதுரக்கா தாளைக் கூட்டல் குறிக்கு நேராகக் குத்தினார். அவசரத்தில் ஊசி விரலில் ஏறியது. அதிகாரி சாப்பாட்டுக்கு முன் கையெழுத்துப் போட்டார். படம் பலகையில் ஏறிய நிமிடத்தில் கயிற்றுக்கடைத் தெருவின் புல் மொத்தமும் தெற்கே சாய்ந்தது, இந்த முறை நிமிரவில்லை. ஏற்றம் வடிந்தது. சைக்கிள்களிலிருந்து கடல்குதிரைகள் போயின. முடிவெட்டுகிறவரின் கடையில் அன்று வெட்டிய முடி அத்தனையும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தது. காய்கறிக்காரர் ஒருவர்தான் சந்தோஷப்பட்டார், அதையும் வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அவருக்கில்லை. அன்று மாலையே விரிகுடாவில் புல் நின்றது, தழும்பும் மொட்டை வட்டமும் அதனதன் இடத்தில். ஒரு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது, நண்டு வந்தது, திட்டை அலை விட்டுவிட்டது. வலை பின்னுகிறவர் சுவரை எழுப்பினார்.

தம்பி ஜன்னலோரத்தில் மின்விசிறிகளைப் பழுது பார்த்தார். முன்புபோலவே பேசினார், முன்புபோலவே சிரித்தார், சாப்பாடு மட்டும் பாதியாகக் குறைந்தது. சதுரக்கா அவர் தட்டில் மிஞ்சிய சோற்றை எண்ணிக்கொண்டே பாத்திரம் கழுவினார். பத்தொன்பது ஆண்டு சரியாகச் செய்த வேலையைத் தப்பாகச் செய்தபோது தம்பிக்குக் கால் கிடைத்தது, சரிசெய்தபோது போனது. இதில் எங்கே நியாயம் என்று அவர் அடுப்பைப் பார்த்துக் கேட்டார். அடுப்பு என்ன சொல்லும்.

படத்தை மாற்றியதால் மறுபடி ஒருமுறை முழுக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று தலைமை அலுவலகம் எழுதியது. அதற்குக் கிளம்பிய காலையில் தம்பி, “நானும் வரேன்” என்றார். தண்ணீர் தாங்கும், கடலில் இறக்கிப் பழக்குங்கள் என்று பதினோரு ஆண்டுக்கு முன்பே வைத்தியர் சொல்லியிருந்தார். பட்டறை ஆட்கள் பார்க்க மூட்டைபோல இறக்கப்படுவதைவிட நாற்காலியே மேல் என்று அப்போது மறுத்தவர் அவர். இப்போது அதே பட்டறை ஆட்கள் நாலு பேர் அவரைப் படகிலிருந்து இறக்கினார்கள். “மூட்டை கனக்குதுடா” என்று ஒருவர் சொல்ல, “நனைஞ்சா இன்னும் கனக்கும், சீக்கிரம் விடு” என்றார் தம்பி. தண்ணீர் நெஞ்சளவு. படகின் விளிம்பைப் பிடித்து நின்றார். பிறகு விட்டார். தெருவில் கிடைத்த அளவு இல்லை, தள்ளாட்டம் இருந்தது, இரண்டு தடவை முழுகி எழுந்து இருமினார். ஆனால் ஓர் அடி வைத்தார், அடுத்ததும் வைத்தார்.

சதுரக்கா அப்போது தண்ணீருக்கு அடியில், நாற்பத்தாறாம் கட்டத்தில் சட்டத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு புல் எண்ணி முடித்த நேரத்தில் சட்டத்துக்குள் ஒரு பாதம் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் புல்லுக்கு நடுவே நின்றன. விரல்கள் மணலை அழுத்திப் பிடித்திருந்தன, செருப்பு வார் பட்டு வெளுத்த கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கால்களைப் பதினோரு ஆண்டு துடைத்துவிட்டவர் அவர். அங்கேயே அழுதார். கடலுக்குள் அழுதால் வெளியே யாருக்கும் தெரியாது, முகமூடிக்குள் மட்டும் நீர் ஏறும்; அதனால் மேலே வந்து முகமூடியைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டியிருந்தது. பலகையில் புல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி உண்டு, ஏற்ற நேரத்தில் எண்ணும்போது சட்டத்துக்குள் வேறு எது இருந்தாலும் அதில் எழுத வேண்டும். காணாததை எழுதக்கூடாது, கண்டதை விடக்கூடாது. சதுரக்கா எழுதினார்: கடல்வெள்ளரி இரண்டு, சங்கு ஒன்று, தம்பி ஒன்று.

அதிகாரி சாப்பாட்டுக்கு முன் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு உதவியாளர் அந்தக் கணக்கை வைத்து வரைந்த புதுப் படத்தை அறிவிப்புப் பலகையில் மாட்டினார். அப்போது விரிகுடாவில் ஏற்றம் பாதி. தம்பி வீட்டு ஜன்னலோரத்தில் கன்னத்தில் நுரையோடு கத்தியை எடுத்தவர், அடுத்த நொடி கத்தியும் நுரையுமாக நாற்பத்தாறாம் கட்டத்தில் நின்றார். நின்றார் என்றால், தள்ளாட்டம் எதுவும் இல்லாமல் நின்றார். தண்ணீர் தலைக்கு மேல் ஏறியது. அது அவரை ஒன்றும் செய்யவில்லை. பயந்துபோய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார், பிறகு பார்க்க நிறைய இருந்ததால் பயத்தை மறந்துவிட்டார். பகல் இரண்டு மணிக்கு ஏற்றம் இறங்கியதும் நாற்காலிக்கே திரும்பியிருந்தார், பேண்ட்டில் மணல், சட்டைப்பையில் ஒரு நண்டு. சதுரக்கா அரைநாள் விடுப்புப் போட்டு வீடு முழுக்கத் தேடிக் களைத்து உட்கார்ந்திருந்தார். “எங்கடா போனே?” என்றார். “எழுதினது நீதானே, என்னைக் கேக்கறே” என்றார் தம்பி. அன்று அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அது நடந்து பல ஆண்டு ஆகிறது. ஏற்றம் வந்தால் தம்பி புல்லில், இறங்கினால் ஜன்னலோரத்தில். தையல்காரி அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஏற்ற அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அதற்குத் தகுந்தபடி சாப்பாட்டு நேரத்தை மாற்றினார். பேண்ட்டின் கீழ்மடிப்பில் ஈயக் குண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார், இல்லாவிட்டால் முழங்காலுக்கு ஏறிவிடுகிறதாம். உங்களையும் ஒரு கட்டத்தில் எழுதிவிடட்டுமா என்று சதுரக்கா கேட்டதற்கு, பாதித் தையலில் காணாமல் போக முடியாது என்று மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் போய் விளிம்பில் உட்கார்ந்து, தலை தெரிகிற நேரத்தில் பேசிவிட்டு வருகிறார். ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு நாளில் மட்டும் தம்பி எங்கும் நடப்பதில்லை. அக்கா வந்து சட்டத்தை வைக்கும்வரை நாற்பத்தாறாம் கட்டத்தில் இரண்டு பாதத்தையும் ஊன்றி அசையாமல் நிற்பார். சதுரக்காவுக்கு இப்போது மூச்சு முன்போல நிற்பதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு ஆண்டும் அடிவரை இறங்கி, கண்ணால் பார்த்த பிறகுதான் ஒன்று என்று எழுதுகிறார்.

அச்சிட்டு வரும் படத்தில் அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு மனித உருவம் இருக்கிறது. வெளியூர்ப் படகுக்காரர்கள் டீசல் போட நிறுத்துகிற இடத்தில் படத்தை விரித்துக் காட்டி, இது என்ன, பாறையா, விளக்குக் கம்பமா என்று கேட்கிறார்கள்.

“அது சதுரக்காவோட தம்பிங்க. ஏற்றத்துல நடந்துகிட்டிருப்பார். இடது பக்கமா விட்டுட்டு, கொஞ்சம் மெதுவாப் போங்க.”

அவர்களும் சரி என்று படத்தை மடித்து வைத்துக்கொண்டு, அவரை இடது பக்கமாக விட்டுவிட்டு, மெதுவாகப் போகிறார்கள்.